தேன்மெழுகு இல்லாத லிப் பாம்

லிப் பாம் செய்ய ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசு சமையலுக்குக் கிடைப்பதே இல்லை. விலங்குகளிடமிருந்து வரும் எதுவும் அதில் வேண்டாம் என்பதால், தேன்மெழுகுக்குப் பதில் நான் போடுவது கேண்டெலில்லா மெழுகு. மெக்சிகோவின் வறண்ட நிலத்தில் வளரும் ஒரு புதரிலிருந்து எடுப்பது. தேன்மெழுகு 62–64 டிகிரியில் உருகிவிடும், இதற்கு 70 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். கெட்டியும் அதிகம். அதனால் பாதி அளவே போதும். கூடினால் உதட்டில் மெழுகுவத்தியைத் தேய்ப்பது போலிருக்கும்.

நிறம்தான் தலைவலி. கார்மைன் என்ற அழகான சிவப்பு, கோச்சினியல் பூச்சிகளை உலர்த்தி அரைத்து எடுப்பது. லேபிளில் சி.ஐ. 75470 என்ற நிறக் குறியீட்டு எண்ணாக ஒளிந்திருக்கும். நான் அழகுசாதனத் தர இரும்பு ஆக்சைடுக்கு மாறிவிட்டேன். பளிச் சிவப்பு வராது, செங்கல் நிறம்தான். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

கிரீமுக்கு வாங்கும் கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விற்பவருக்கு எழுதிக் கேட்பேன், மழுப்பினால் வாங்கமாட்டேன்.

விலங்குப் பொருள் இல்லை என்பதாலேயே விலங்குகளிடம் சோதிக்கவில்லை என்று ஆகிவிடாது. அப்படிச் சோதித்த அழகுசாதனங்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் முழுமையாகத் தடை செய்தது. என் பாமுக்குச் சோதனைக்கூடம் என் முழங்கையின் உட்புறம். அடுத்து அக்கா, அவள் சம்மதித்தால்.