குஞ்சப்பனைக்கு மேலே வரும் வாடை

கோத்தகிரியில் காய்கறி ஏற்றும் பிக்கப் பெரும்பாலும் டீசல்தான். அதனால் ஒரு சின்ன பெட்ரோல் பிக்கப்பை என் பட்டறைக்கு ஓட்டி வந்த தம்பி, "கேபினுக்குள்ள பெட்ரோல் வாடை அடிக்குதுங்க அண்ணா" என்றபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது. டீசல் கசிந்தால் பிசுபிசுவென்று கறை நின்று காட்டிக்கொடுத்துவிடும். பெட்ரோல் கசிந்த இடத்திலேயே காய்ந்துவிடும், வாடை மட்டும் மிஞ்சும்.

பலாப்பழ சீசன், காலையில் நல்ல மூடுபனி. போன பனிக்காலத்தில்தான் ஒரு கார் இதே வாடையோடு வந்திருந்தது. குளிரில் இஞ்ஜெக்டர் ஓரிங், அதாவது இஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்ஜெக்டரைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், இறுகிப்போய், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கசிந்து, இஞ்சின் சூடானதும் தானாக நின்றுகொண்டிருந்தது. அந்த நினைப்பிலேயே இதற்கும் கை வைத்தேன். பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிட்டேன். லைனில் மூன்று பார் அளவுக்கு அழுத்தம் நிற்கும், அப்படியே கழற்றினால் முகத்தில் பீய்ச்சிவிடும். அப்புறம் பேட்டரி நெகடிவைக் கழற்றினேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையோடு படுத்துக் கிடக்கும். எங்கோ மூலையில் ஒரு சின்னப் பொறி போதும். எங்கள் பட்டறைப் பையன் குளிருக்காக மூட்டி வைத்திருந்த கரி அடுப்பை வெளியே தூக்கிவைக்கச் சொன்னேன். அவனுக்கு மனசே இல்லை.

ஓரிங் எல்லாம் மாற்றினேன். வண்டியை அரை மணி நேரம் நிறுத்தி வைத்து முகர்ந்தேன், வாடை இல்லை. காசு வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

நான்காம் நாள் தம்பி திரும்ப வந்தான். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. மறுபடி ரேம்ப்பில் ஏற்றினேன். டேங்க், லைன், ஃபில்டர் எல்லாம் காய்ந்து கிடந்தன. பத்து நிமிஷம் முகர்ந்தபின் என் மூக்கையே எனக்கு நம்ப முடியவில்லை. பெட்ரோல் வாடை அப்படித்தான், சீக்கிரமே பழகிப்போய்விடும். டீக்கடைக்குப் போயிருந்த பையனை வரச்சொல்லி முகரவிட்டேன். "ஒண்ணும் இல்லண்ணா" என்றான்.

சரி என்று கையைத் துடைத்துக்கொண்டு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "தம்பி, எப்போ அடிக்குது?"

"மேட்டுப்பாளையத்துல லோடு இறக்கிட்டு மேல வரும்போதுங்க. குஞ்சப்பனை தாண்டினா ஆரம்பிச்சிடும்."

"கீழ இறங்கும்போது?"

"இல்லைங்க."

"பெட்ரோல் எங்க போடுறே?"

"மேட்டுப்பாளையம்தான். மேல வெலை ஜாஸ்தியில்லீங்களா, ஃபுல்லா போட்டுக்குவேன். பம்ப் தானா கட் ஆனதுக்கப்புறமும் தொகைய ரவுண்டா ஆக்கச் சொல்லுவேன்."

அதில் எல்லாமே இருந்தது. கீழே வெயிலில் சூடான பெட்ரோலை டேங்க் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் சுமார் 1,500 மீட்டர் மேலே ஏறுகிறான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், டேங்குக்குள் ஆவி கூடுதலாகக் கிளம்பும். போதாததற்கு வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறது, பெட்ரோல் முழுக்க டேங்கின் பின்பக்கம் போய்ச் சாய்கிறது. என் பட்டறையின் சமதளத்தில், அரை டேங்கோடு நிற்கும் வண்டியில் இதில் எதுவுமே நடக்காது.

மறுநாள் அவனோடு நானும் மேட்டுப்பாளையம் இறங்கினேன். வழக்கம்போலவே ஃபுல் டேங்க், ரவுண்டு. குஞ்சப்பனை தாண்டி ஒரு ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அடியில் டார்ச்சோடு படுத்தேன். ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு வருகிற தடித்த ரப்பர் ஓஸ், பக்கத்தில் அதன் காற்றுக்குழாய். தடித்த ஓஸின் மேல்பக்கம், கிளிப் கடித்த இடத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. சேறு படிந்து மூடியிருந்தது. அந்தச் சேறு மட்டும் ஈரமாக, கறுப்பாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன்.

இப்போதெல்லாம் ரப்பர் எது வெடித்தாலும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல்மேல் பழி போடுகிறார்கள். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை எத்தனால் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்த வெடிப்பு கிளிப்பின் விளிம்பை ஒட்டி, அதன் நேர்க்கோட்டிலேயே ஓடியது. யாரோ ஒரு மெக்கானிக் பலம் முழுவதையும் காட்டி முறுக்கியிருக்கிறார். அந்த யாரோ நானாக இல்லாமல் இருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

இரண்டு ஓஸையும் கிளிப்போடு மாற்றினேன். டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவையும் கழற்றிக் குலுக்கிப் பார்த்தேன், உள்ளே சளக் சளக்கென்றது. ஆவி மட்டும் போக வேண்டிய இடத்தில் பெட்ரோலே போய் ஊறியிருந்தது. ரவுண்டு போட்டதன் கைங்கரியம். அதையும் மாற்றினேன். முதலில் வாங்கிய ஓரிங் கூலியைக் கழித்துக்கொண்டுதான் பில் போட்டேன். "பரவாயில்லைங்கண்ணா" என்றான், ஆனால் மறுக்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் போன் வந்தது. குஞ்சப்பனைக்குப் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்தியிருப்பதாகச் சொன்னான். எனக்குத் திக்கென்றது.

"மறுபடியும் வாடையா?"

"வாடையே இல்லைங்கண்ணா. ரோட்டுல யானை நிக்குது. கண்ணாடிய ஏத்திட்டு உள்ளயே உட்கார்ந்திருக்கேன். அதான் நல்லா செக் பண்ணிட்டுச் சொல்றேன்."