வேலியோர மரங்கள்: அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 13

தேதி வரவில்லை. மேற்குக் கரையில், நாப்லுஸ் பக்கத்து இந்த ஊரை ஒட்டிய ஆலிவ் மரங்களில் பறிப்பு தொடங்கியாயிற்று. மேலே, இஸ்ரேலியக் குடியேற்றத்தின் வேலியோரம் நிற்கும் 64 மரத்துக்குத்தான் தன்சீக், அதாவது இஸ்ரேல் ராணுவத்தின் முன் அனுமதி, வேண்டும். ராணுவ ஒருங்கிணைப்பு அலுவலகம் நாள் குறித்து ஊராட்சிக்குச் சொல்லும். அதற்கு முன் ஏறினால் சொந்த நிலத்திலேயே அத்துமீறல்.

அக்டோபர் 15

சரிவு நிலத்தில் தார்பாய் விரிப்பது பார்ப்பதற்குத்தான் சுலபம். தாழ்ந்த பக்க விளிம்புக்குக் கல் முட்டுக் கொடுத்து உயர்த்தாவிட்டால் காய் உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும். ஒரு மரத்துக்கு இரண்டு பாய். அடிமரத்தருகே மேட்டுப் பக்கத்துப் பாய்தான் மேலே கிடக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இடுக்கில் காய் நழுவும். தாழ்ந்த கிளைக்குக் கைச்சீப்பு, உச்சிக்கு ஏணி. தடியால் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அடுத்த ஆண்டு காய்க்க வேண்டிய இளங்கொம்பு ஒடியும். யார் கையில் தடியைக் கண்டாலும் நிலத்துக்காரரான மூதாட்டி ஹஜ்ஜா பிடுங்கி எறிகிறார்.

பிளாஸ்டிக் பையில் கட்டக் கூடாது. காய் வேர்த்துச் சூடேறி எண்ணெயில் அமிலம் கூடும். சணல் சாக்கு, அதுவும் நிழலில். ஒரு நாளுக்குள் செக்குக்குப் போனால் நல்லது.

மதியம் தபூன் ரொட்டி, தக்காளி, டின் மத்தி, மரமிய்யா இலை போட்ட தேநீர்.

அக்டோபர் 16

தேதி வரவில்லை.

அக்டோபர் 19

கணக்கு. மரத்துக்கு 20 கிலோ என்றால் 64 மரத்துக்கு 1,280. ஓர் ஆள் நாளைக்கு 60 கிலோ பறிப்பார். ஒன்பது பேர் என்றால் 540. இரண்டு நாள் கொடுத்தால் 1,080, அதாவது பத்து மரம் மிச்சம் நிற்கும். மூன்று நாள் கொடுத்தால் முடியும். மூன்று நாள் கொடுப்பார்களா? கேட்டால் ஹஜ்ஜா சிரிக்கிறார். 20 கிலோ என்று யார் சொன்னது என்கிறார்.

இது மாஸி, காய்ப்பு ஆண்டு. ஷலதூனி ஆண்டில் காயைத் தேட வேண்டும். காய்ப்பு ஆண்டில் 20 வராதா?

அக்டோபர் 20

முதல் மழை. இலைத் தூசி போயிற்று. பாதை முழுக்கச் சேறு.

அக்டோபர் 23

தேதி வந்தது. 27, 28. இரண்டு நாள்.

2006இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. விவசாயிகளையும் மரங்களையும் காப்பது ராணுவத்தின் கடமை. அவர்களைக் காப்பதாகச் சொல்லி அவர்களையே நிலத்துக்கு வெளியே நிறுத்தக் கூடாது. வழக்குப் போட்ட ஊர்களில் ஒன்று யானூன், இந்த நாப்லுஸ் பக்கம்தான். அந்தத் தீர்ப்பு மலையேறி வரும்போது இரண்டு நாளாகிவிடுகிறது.

அக்டோபர் 25

பறிக்கவும் சாட்சியாக நிற்கவும் வந்த வெளிநாட்டார் ஐந்து பேர். பாஸ்போர்ட்டும் நுழைவுச் சீட்டும் உடம்போடு இருக்க வேண்டும், பையில் அல்ல. கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று இன்றே பார்க்க வேண்டும். வாகன எண், அதிகாரி முகம், பின்னால் வேலி மூன்றும் ஒரே படத்தில் விழ வேண்டும். குடும்பத்தார் முகத்தை அவர்கள் சம்மதமின்றி எங்கும் போடக் கூடாது. ‘மூடிய ராணுவப் பகுதி’ என்று ராணுவத்தார் சொன்னால் கையெழுத்திட்ட உத்தரவையும் வரைபடத்தையும் கேட்க வேண்டும். சத்தம் போட்டு வாதாடக் கூடாது: நாம் கிளம்பிப் போய்விடுவோம், விலையை இந்தக் குடும்பத்தார்தான் கொடுப்பார்கள். இறங்கலாம் என்று முடிவெடுப்பது நிலத்துக்காரர் மட்டுமே. சாக்கு தூக்குவதும் வேலைதான்; சாட்சி என்று சொல்லிக்கொண்டு கை கட்டி நிற்பவர்களை இங்கே யாருக்கும் பிடிப்பதில்லை.

அக்டோபர் 26

ஒரே வீட்டில் இரண்டு மணி. கோடை நேரம் முடிந்து பாலஸ்தீனத் தரப்பு கடிகாரத்தை இன்றே ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிட்டது, இஸ்ரேல் நாளை. பாலஸ்தீன நிறுவனமான ஜவ்வாலின் சிம் ஒன்று காட்டுகிறது, இஸ்ரேல் சிம் வேறு காட்டுகிறது. நாளைக் காலை ஏழு மணிக்குள் இரண்டும் சேர்ந்துவிடும் என்று மூன்று முறை சொல்லியாயிற்று. ஆனாலும் யாரும் நம்பி அலாரம் வைக்கவில்லை.

அக்டோபர் 27

ஏழு மணிக்குப் போனோம். ஜீப் வந்தது 8.40க்கு. அது வரும்வரை பாய் விரிக்க விடவில்லை.

மரத்துக்கு ஆறு கிலோ. கணக்கு முழுக்கப் பிழை. உழவு காணாத மண், இடுப்பளவு காய்ந்த புல், நத்ஷ் முள். கவாத்து இல்லாமல் உள்கிளைகள் பின்னிக் கிடக்கின்றன, ஏணி சாத்த இடமில்லை. பறிக்க இரண்டு நாள் கொடுக்கிறார்கள். குளிர்காலத்தில் கவாத்து செய்ய, மழை ஓய்ந்ததும் உழ, கோடைக்கு முன் புல் அகற்ற நாள் கிடையாது. ஆண்டு முழுக்க மரத்தைப் பார்க்க விடாமல், காய்க்கவில்லை என்று அதன் மேல் பழி. அந்தக் காய்ந்த புல்லில் ஒரு தீக்குச்சி விழுந்தால் போதும்.

1.40க்கு நிறுத்தினார்கள். 31 மரம். ஏறக்குறைய 190 கிலோ.

அக்டோபர் 28

உத்தரவு காட்டினார்கள். கையெழுத்து இருந்தது, வரைபடமும் இருந்தது. ஹஜ்ஜா ‘யல்லா’, போகலாம், என்றார். இறங்கினோம்.

அக்டோபர் 29

செக்கில் இரவு பதினொன்றுக்கு முறை வந்தது. 38 கிலோ எண்ணெய்: 16 கிலோ தனக்கா, அதாவது தகர டின், இரண்டு, மேலே ஆறு கிலோ. பச்சை நிறம், தொண்டையில் காரம். ஜிஃப்த், அதாவது பிழிந்த சக்கை, தபூன் அடுப்புக்கு.

அக்டோபர் 31

33 மரம் மிச்சம். இன்னொரு நாள் கேட்டு ஊராட்சியிலிருந்து பேசினார்கள். பதில் இல்லை. பிப்ரவரியில் உழ ஒரு நாள் இப்போதே கேட்டு வைக்க முடியுமா என்று ஹஜ்ஜாவின் மகன் விசாரித்தார். அதற்கென்று படிவமே இல்லையாம்.

நவம்பர் 2

காற்று. மேலே காய் உதிர்ந்திருக்கும். உதிர்ந்ததைத் தனிச் சாக்கில்தான் கட்ட வேண்டும், நல்லதோடு சேர்க்கக் கூடாது. சாக்கு நான்கு மிச்சம் இருக்கிறது.