மாடல் தேறிவிட்டது, வரலாறு தேறுமா?

புள்ளியியலில் முனைவர் பட்டம் முடித்த கையோடு, பரிணாம மரபியலும் மானுடவியலும் சேர்ந்த ஒரு குழுவில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராகச் சேர்ந்தேன். இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் கேட்பதெல்லாம் எந்த மென்பொருள் படிக்க வேண்டும் என்றுதான். பைத்தான், ஆர், லினக்ஸ் கட்டளைகள் ஓரளவு தெரிந்தால் போதும், மிச்சம் வேலையிலேயே வந்துவிடும். என் நேரத்தைத் தின்றவை வேறு.

முதலில் தரவு. 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் 2,504 பேருடைய ஜீனோம்களை (முழு டிஎன்ஏ தொகுப்புகளை) யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பல மக்கள்குழுக்களின் தரவுக்கு விண்ணப்பம், நம் நிறுவனத்தின் கையெழுத்து, தரவுக்குழுவின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். சலிப்புத் தட்டினாலும் இந்தக் காவல் நியாயம் என்றே சொல்வேன். நீரிழிவு ஆய்வுக்கென்று அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினரிடம் எடுத்த ரத்தத்தை வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்திய வழக்கு, 2010இல்தான் சமரசத்தில் முடிந்தது. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் ஆய்வாளர்களுக்கான நெறிமுறையைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். சேர்ந்த வாரமே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். அது வரும்வரை திறந்த தரவில் பைப்லைனை (தரவை அலசும் நிரல் வரிசையை) ஓட்டிப் பழகலாம்.

தொல் டிஎன்ஏ தனி உலகம். பழைய எலும்பில் கிடைப்பவை பெரும்பாலும் நூறு டிஎன்ஏ எழுத்துகூடத் தேறாத துண்டுகள். அவற்றின் ஓரங்களில் சைட்டோசின் என்ற எழுத்து சிதைந்து, படிக்கும்போது தைமின் என்ற வேறோர் எழுத்தாகத் தெரியும். இது தொல்லை, ஆனால் டிஎன்ஏ பழையதுதான் என்பதற்குச் சாட்சியும் இதுவே. தரவு மெலிந்திருப்பதால் ஒவ்வோர் இடத்திலும் தாய்வழி, தந்தைவழி எழுத்துகள் இரண்டையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏதோ ஒரு துண்டைக் குலுக்கல் முறையில் எடுத்து அதை மட்டும் கணக்கில் வைக்கிறோம். இந்தச் சிதைவால் பாதிக்கப்படாத, டிரான்ஸ்வெர்ஷன் என்ற வகை எழுத்து வேறுபாடுகளை மட்டும் வைத்து மறுபடி ஓட்டி, அப்போதும் முடிவு நிற்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

உண்மையான பாடு அதற்குப் பிறகுதான். ஒரு மக்கள்குழுவை இரண்டு மூன்று மூலங்களின் (மூதாதைக் குழுக்களின்) கலப்பாக விளக்க முடியுமா என்று சோதிக்க, கியூபிஆட்ம் என்ற முறையைப் பயன்படுத்துகிறோம். மாடலும் தரவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் பி-மதிப்பு 0.05க்கு மேல் வந்தால் அந்த மாடலைத் தள்ளிவிடக் காரணம் கிடைக்கவில்லை என்று பொருள். அவ்வளவுதான். தரவு மோசமாக இருந்தால் கண்ட மாடலும் தேறிவிடும். குழுக் கூட்டத்தில் என் வரைபடத்தைப் பார்த்த தொல்லியல் ஆய்வாளர் ஒருவர், “மூலம்னு நீங்க போட்டிருக்கிறவங்க, இவங்களுக்குச் சில நூற்றாண்டு பின்னாடி வாழ்ந்தவங்களாச்சே?” என்றார். மென்பொருளுக்குக் காலமே தெரியாது. உண்மையான மூதாதையர் கிடைக்காதபோது அவர்களின் நெருங்கிய உறவினர்களை வைத்துக் கணக்கிடுவது ஏற்கப்பட்ட வழக்கம்தான் என்றேன். “அப்ப கட்டுரையிலயும் அதைத் தெளிவா எழுதுங்க” என்றார். எழுதினேன். இதழுக்காகக் கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் கேட்ட முதல் கேள்வியும் அதைப் பற்றியே.

அதிலிருந்து சிமுலேஷன் இல்லாமல் எதையும் நான் நம்புவதில்லை. எம்எஸ்பிரைம் என்ற சிமுலேஷன் மென்பொருளில் நாமே ஒரு வரலாற்றை உருவாக்கி, அந்தத் தரவை நம் எலும்புத் தரவு அளவுக்கே சிதைத்து, அதே முறையில் ஓட்டினால், விடை தெரிந்த கேள்விக்கு அது எத்தனை முறை தவறாகப் பதில் சொல்கிறது என்பது தெரிந்துவிடும். சோர்வான வேலை, யாரும் பாராட்டமாட்டார்கள். கட்டுரையின் பின்னிணைப்பில்தான் போகும்.

போஸ்ட்டாக் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் குறுகியவை. அதனால் நேர்காணலில் சம்பளத்துக்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுவிடுங்கள்: நான் வேலை செய்யப்போகும் தரவு இப்போது கையில் இருக்கிறதா, இனிமேல்தான் வரப்போகிறதா? “சீக்கிரம் வந்துவிடும்” என்று பதில் வந்தால், எந்தக் குழுவானாலும் நான் சேரமாட்டேன்.