இடது மூலை

ஜூலை 13
மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் காரை யாரோ உரசிவிட்டுப் போயிருக்கிறார்கள். முன் பம்பரின் இடது மூலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து கறுப்பு தெரிகிறது. அம்மா கழுத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நின்று சண்டை போடவும் வழியில்லை. பரிசோதனை முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகுமாம்.

ஜூலை 14
பட்டறையில் கேட்டேன். பம்பர் முழுவதும் அடித்தால்தான் நிறம் ஒத்துவரும், மூவாயிரத்து ஐந்நூறு, இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். பணம் கிடக்கட்டும். எந்த நேரமும் கூப்பிடுவோம் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கும்போது வண்டியை எப்படி விடுவது? நானே செய்துகொள்கிறேன்.

அவசரம் ஒன்றும் இல்லைதான். கதவோ பானட்டோ என்றால் தகரம், பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். பம்பர் பிளாஸ்டிக். இப்படியே எத்தனை வருடமும் ஓட்டலாம். ஆனால் வாசலுக்கு வந்தாலே கண் அங்கேதான் போகிறது.

ஜூலை 15
அழைப்பு இல்லை.

ஜூலை 16
நிறம், நிறம், நிறம். ஓட்டுநர் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் நிற எண் இருந்தது. அதைக் காட்டி ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் கலக்கி ஸ்பிரே டப்பாவில் வாங்கினேன். வெறும் வெள்ளை என்றால் கவலையே இல்லை. இது வெள்ளி, உள்ளே அலுமினியத் துகள். நெருங்கி ஈரமாக அடித்தால் கறுக்கிறது, தள்ளி நின்று லேசாக அடித்தால் வெளுக்கிறது. ஒரே டப்பாவில் இரண்டு நிறம்! பழைய தகர மூடியில் அடித்து, மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சும் போட்டு, பம்பரோடு சேர்த்துவைத்துப் பார்த்தேன். வெயிலில் ஒத்துப்போகிறது. நிழலுக்குக் கொண்டுபோனால் நீலம் தட்டுகிறது. மறுபடி வெயில், மறுபடி நிழல். பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து, "என்ன, பத்துப் பொருத்தமும் பார்க்கிறாயா?" என்கிறார்.

இத்தனை வருடம் வெயிலில் நின்ற வண்டி. தொழிற்சாலை எண் தொழிற்சாலையைவிட்டு வந்த நாளின் நிறத்தைத்தானே சொல்லும்.

அம்மா கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். நான் பார்த்தால் கையை எடுத்துவிடுகிறாள்.

ஜூலை 17
ஆடி 1. தெரு முழுக்கத் தேங்காய் சுடும் புகை. வேண்டாம் என்றாலும் கேட்காமல் அம்மாவே எல்லாம் செய்தாள். நாரைத் தேய்த்து எடுத்து, கண்ணைக் குத்தி, தண்ணீரைக் கொஞ்சம் வடித்து, வெல்லம், பச்சரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள் போட்டு, அழிஞ்சில் குச்சியைச் செருகி நெருப்பில் பிடித்தாள். "எதெது எவ்வளவு என்று பார்த்துவைத்துக்கொள் கண்ணு" என்றாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எழுந்துபோய்ப் பம்பரைக் கழுவினேன்.

ஜூலை 18
தண்ணீரில் நனைத்த உப்புத்தாள். முதலில் சொரசொரப்பான 400 எண், பிறகு நைசான 800. கண்ணுக்கு எப்போதோ மழமழவென்று ஆகிவிட்டது, நகத்துக்கு ஆகவில்லை. பழைய பெயிண்ட் முடியும் விளிம்பில் இடறிக்கொண்டே இருந்தது. நகம் இடறாமல் ஓடும்வரை தேய்த்தேன். இந்தப் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் எளிதில் பிடிக்காது. அதற்கென்று இருக்கும் பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, முதலில் பூசாவிட்டால் மேலே போட்டதெல்லாம் ஏடாக உரிந்து வந்துவிடும்.

"ஏன் கண்ணு, அதை விட்டால் குடியா முழுகிவிடும்?"

ஜூலை 19
காற்று. அம்மி பறக்கிறதோ இல்லையோ, மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத் தூசி பறக்கிறது. டப்பாவைத் தொடவில்லை. ஆய்வகத்துக்கு நானே பேசினேன். டாக்டரிடம் கேளுங்கள் என்றார்கள். டாக்டர் ஊரில் இல்லை. எரிச்சலில் அம்மாவிடம் காபி ஆறிப்போயிருக்கிறது என்று கத்தினேன்.

ஜூலை 20
விடிந்தும் விடியாமலும் அம்மா வாசல் தெளித்தாள். காற்று கிளம்பவில்லை, தூசி அடங்கியிருந்தது. அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். சுற்றிலும் செய்தித்தாள் மறைப்பு. டேப்பை அழுத்தி ஒட்டாமல் விளிம்பை மடித்து ஒட்டினால் பெயிண்ட் முடியும் இடத்தில் மேடு விழாது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்லிய பூச்சு, பத்து நிமிடம் பொறுத்து இன்னொன்று. கறுப்பு மறைந்தது. கடைசியாகக் கிளியர். அது கண்ணாடியாகப் பளபளக்கும்போது ஒரு கொசு வந்து நடுவில் உட்கார்ந்தது. எடுக்கப் போனால் இழுத்துக்கொண்டு வரும். கிடக்கட்டும். காய்ந்தபின் 2000 தாளில் போய்விடும்.

நன்றாக வந்திருக்கிறது. நிழலிலும்.

ஜூலை 21
தொட்டால் ஒட்டவில்லை. உள்ளே இன்னும் காயவில்லை, நகம் பதிகிறது. அழைப்பு இல்லை.

ஜூலை 22
அம்மா ஏற்காடு போகலாம் என்கிறாள். லாரிக்குப் பின்னால் போனால் கல் தெறிக்கும், பெயிண்ட் இன்னும் முழுக்கக் காயவில்லை என்றேன். "தெறித்தால் மறுபடி பூசு. அதுதான் கற்றுக்கொண்டாயே." சிரித்துவிட்டேன். நாளைக் காலை கிளம்புகிறோம்.

ஜூலை 23
போகவில்லை. எட்டரை மணிக்கு அழைப்பு வந்தது. நாளை பத்து மணிக்கு வரவேண்டும், வீட்டிலிருந்து இன்னொருவரையும் அழைத்து வாருங்கள் என்கிறார்கள். எதற்கு இன்னொருவர்? கேட்டால் டாக்டர் சொல்வார் என்கிறார்கள். சித்தி ஆத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறார். சீட்டுகள், ஸ்கேன் படங்கள், காப்பீட்டு அட்டை எல்லாம் மஞ்சள் பையில் வைத்தாயிற்று. பெட்ரோல் போட வேண்டும்.