அறிக்கையில் விடுபட்ட ஓர் எழுத்தும் ஏழு நிணநீர்க் கணுக்களும்

மலக்குடல் புற்றுநோய்க்காக 28 முறை கதிர்வீச்சு, அதனுடன் காபெசிடபின் என்ற புற்றுநோய் மருந்து மாத்திரை, எட்டு வாரக் காத்திருப்பு, பின்னர் அறுவை சிகிச்சை என எல்லாம் ஒருவாறு கடந்துபோயின. என்னை அலைக்கழித்தது அவற்றுக்குப் பின் கைக்கு வந்த, வெட்டியெடுத்த திசுவைச் சோதித்து எழுதிய இரண்டு பக்க நோயியல் அறிக்கைதான்.

குடலைச் சுற்றிய கொழுப்பில் இருக்கும் சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களுக்குத்தான் புற்று முதலில் பரவும் என்பார்கள். 'பரிசோதிக்கப்பட்ட நிணநீர்க் கணுக்கள் 7. புற்று பரவியவை 0' என்ற வரியைப் படித்து முடித்த நிம்மதி, அடுத்த வரியிலேயே போய்விட்டது. 'குறைந்தது 12 கணுக்கள் தேவை. நிலையை உறுதியாகக் கூற இந்த எண்ணிக்கை போதாது' என்று அதில் இருந்தது. வெளிநோயாளர் பிரிவிலிருந்த இளம் மருத்துவர் கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமலேயே, "கணு குறைவாகக் கிடைத்திருக்கிறது, கிடைக்காததில் நோய் இருந்தால் நமக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தார். அவர் சொன்னது பொய்யல்ல; ஆனால் அது பாதி உண்மை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

மீதிப் பாதியை அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்தான் விளக்கினார். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களில் 12 கணுக்களையாவது பார்க்க வேண்டும் என்ற அளவுகோல், முன்சிகிச்சை ஏதும் இல்லாமல் நேரடியாக அறுவைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து வந்தது. கதிர்வீச்சு பட்டால் கணுவிலுள்ள நிணநீர் அணுக்கள் மடிந்து, கணு சுருங்கி, நார்த்தன்மையடைந்து, சுற்றியுள்ள கொழுப்போடு கொழுப்பாகிவிடுகிறது. ஆகவே முன்சிகிச்சை பெற்றவர்களிடம் 12-க்குக் குறைவாகக் கிடைப்பது சாதாரணம். சிலரிடம் அது சிகிச்சை நன்றாக வேலை செய்ததன் விளைவாகவும் இருக்கலாம். தேடியது போதாமல் இருந்தாலும் இதே எண்தான் வரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இதைச் சொல்லிக்கொண்டே அறிக்கையைப் புரட்டியவர் சட்டென்று நின்றார். நோய்நிலை 'பி-டி-2, பி-என்-0' என்று, அதாவது கட்டி குடல் சுவரின் தசையடுக்கு வரை, கணுக்களில் நோய் இல்லை என்று, அச்சாகியிருந்தது. முன்சிகிச்சைக்குப் பின் எடுத்த திசுவென்றால் அதன் முன்னால் 'ஒய்' என்ற எழுத்து வர வேண்டும். வராததற்குக் காரணம், திசுவோடு அனுப்பிய படிவத்தில் கதிர்வீச்சு கொடுத்த விவரத்தை யாரும் எழுதவில்லை என்பதே! பார்த்த நோயியல் மருத்துவருக்கு நான் நேரே அறுவைக்கு வந்தவன். அதனால்தான் அந்த எச்சரிக்கை வரி வந்தது, கட்டி எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற மதிப்பீடும் எழுதப்படவில்லை.

மறுபரிசோதனைக்கு, திசுவின் மெல்லிய சீவல்கள் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளைப் பெறப் போனபோது தொடங்கியது உண்மையான சோதனை. முதல் நாள், மருத்துவரின் கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். கடிதத்தோடு போன நாளில் ஸ்லைடுகள் மட்டும் கிடைத்தன. மெழுகில் பதித்த திசுக்கட்டைகள் வேறு அறையில் இருப்பதாகவும், அந்த அறை நண்பகலோடு மூடப்படும் என்றும் அப்போதுதான் சொன்னார்கள். திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் மீதித் திசு இருக்கிறதா என்று கேட்டதற்கு, முகப்பிலிருந்த ஊழியர், "ரிப்போர்ட் வந்துவிட்டால் எறிந்துவிடுவார்கள்" என்று கையை விரித்தார். அவர் சொல்லை நம்பித் திரும்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நோயியல் மருத்துவரை நேரில் பார்க்காமல் போவதில்லை என்று உட்கார்ந்திருந்ததில், திசு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, அடுத்த வாரம்தான் அப்புறப்படுத்துவார்கள் என்பது தெரிந்தது. அறிக்கையில் ஐயம் உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: திசுக்கட்டைகள் நெடுநாள் இருக்கும், ஃபார்மலின் திசு சில வாரங்களே இருக்கும்.

அந்த மருத்துவர் என் பழைய எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் கதிர்வீச்சுச் சுருக்கத்தையும் வாங்கிப் படித்துவிட்டு, மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்பை மீண்டும் மெல்லிய துண்டுகளாக்கி விரல்நுனியால் தடவித் தேடினார். சிகிச்சைக்கு முன் ஸ்கேனில் மூன்று கணுக்கள் ஐயத்துக்குரியவையாக இருந்தன. ஆனால் ஸ்கேன் கணுவின் அளவையும் விளிம்பையும் வைத்துத்தான் ஊகிக்கிறது, சிறிய கணுவிலும் புற்று இருக்கும், பெரிய கணு வெறும் அழற்சியாகவும் இருக்கும் என்று அவர் சொன்னார். இன்னும் நான்கு கணுக்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் கோழைப்பொருள் தேங்கியிருந்தது என்று அவர் சொன்னபோது எனக்கு மூச்சு நின்றது. உள்ளே உயிருள்ள புற்றணு இல்லாவிட்டால் அது சிகிச்சையில் அழிந்த நோயின் தடயம் மட்டுமே என்றும், புற்று பரவிய கணுவாகக் கணக்கில் சேராது என்றும் விளக்கினார். மேலும் சில வெட்டுகள் எடுத்துப் பார்த்தும் அணு எதுவும் இல்லை.

சிகிச்சைக்குப் பின் கணுக்களில் நோய் எஞ்சியிருக்கிறதா என்பதே இனி வரப்போவதைக் கணிப்பதில் மிக வலுவான அடையாளங்களுள் ஒன்று. ஒன்று முதல் மூன்று கணுக்களில் இருந்தால் ஒரு நிலை, நான்கும் அதற்கு மேலும் என்றால் அதைவிடக் கடுமையான நிலை. பார்த்த கணுக்களில் எத்தனை பங்கில் நோய் என்ற விகிதத்தையும் சில மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். 20-இல் ஒன்றும் 7-இல் ஒன்றும் அவர்களுக்கு ஒன்றல்ல. எனக்குப் பூச்சியம் என்பதாலும், வெட்டியெடுத்த திசுவின் சுற்று விளிம்புக்கும் நோய்க்கும் இடையே 1 மில்லிமீட்டருக்கு மேல் சுத்தமாக இருந்ததாலும் அறுவை மருத்துவரின் முகம் தெளிந்தது. ஆயினும் நோய் திரும்புகிறதா என்று கவனிக்க உதவும் சி.இ.ஏ. இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் தவறவிடக்கூடாது என்றார்.

திருத்திய அறிக்கையில் 'ஒய்-பி-டி-2, ஒய்-பி-என்-0, கணுக்கள் 11' என்று இருந்தது. அடுத்த முறை அதே இளம் மருத்துவர், "இப்போதும் 12 வரவில்லையே" என்றார். நான் ஒன்றும் பேசாமல் 'ஒய்' என்ற எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். முதல் தடவையாக அவர் திரையிலிருந்து கண்ணெடுத்து என்னைப் பார்த்தார்.