வெளியே போகும் வாசலில்தான் அடைப்பு

போன மாதம் அப்பாவுக்கு மூச்சுத்திணறல். விடிகாலை நாலு மணிக்கே அட்மிஷன் போட்டுவிட்டார்கள், ஆனால் வார்டில் இடமில்லை என்று பதினோரு மணி நேரம் நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். ஆக்சிஜன் சிலிண்டரின் முள் சிவப்பைத் தொடுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நர்ஸிடம் கத்தத்தான் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஆறு கட்டில்கள், மெத்தையோடு, காலி! பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மூடிவைத்திருக்கிறார்கள். ஒரு கட்டிலுக்கு மூன்று ஷிஃப்டுக்கும் ஆள் வேண்டும், லீவு, வார ஓய்வுக்கு மாற்று ஆள் வேறு. இது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

அப்புறம் படித்துப் பார்த்தேன். படுக்கைகள் 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினாலே சிக்கல் தொடங்கிவிடும் என்று 1999இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொல்கிறது. நம் நிர்வாகிகளுக்கோ நூறு நிரம்பினால்தான் பெருமை. குணமானவர்கள்கூட வீட்டில் கவனிக்க ஆளில்லாமலோ டிஸ்சார்ஜ் கையெழுத்துக்காகவோ அங்கேயே இருக்கிறார்கள், அவசரப் பிரிவில் கூட்டம் பிதுங்குகிறது.

மதியம் மூன்றுக்கு அப்பாவுக்கு இடம் கிடைத்தது. அந்தப் படுக்கையில் இருந்தவர் காலை எட்டு மணியிலிருந்தே பையைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.