காங் யாட்சே நாட்குறிப்பு

ஆகஸ்ட் 7, லே
காங் யாட்சே சிகரம் ஏற அக்காவும் நானும் லடாக் வந்திருக்கிறோம். 3,500 மீட்டர். படியேறினாலே நெஞ்சு படபடக்கிறது. உயரம் ஒத்துக்கொள்ள டயமாக்ஸ் மாத்திரை போட்டதில் விரல் நுனியெல்லாம் மரமரவென்று இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்சிமீட்டரில் எனக்கு 90 சதவீதம், அக்காவுக்கு 87.

ஆகஸ்ட் 9, மார்க்கா
மதியத்துக்குமேல் பனி உருகி ஆறு ஏறிவிடும் என்று காலையிலேயே கடக்க வைத்தார்கள். இடுப்புவரை மரத்துப் போனது. பழைய பாராசூட் துணியில் போட்ட டீக்கடை ஒன்றில் ஒதுங்கினோம். அக்கா இரண்டு தடவை இருமினாள். தூசிதான்.

ஆகஸ்ட் 11, நிமாலிங்
4,700 மீட்டருக்கு மேல். பள்ளத்தாக்கெல்லாம் ஆட்டு மந்தை, தலைக்கு மேலே காங் யாட்சே. அதைப் பற்றி நிறைய எழுத நினைத்திருந்தேன்.

தூங்கும்போது அக்காவின் மூச்சு நின்றுவிடுகிறது. நிஜமாகவே நிற்கிறது. ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணினேன். அப்புறம் முங்கி எழுந்தவள் மாதிரி ஓர் இழுப்பு, வேகவேகமாக நாலைந்து மூச்சு, அதுவும் தேய்ந்து மறுபடி ஒன்றுமில்லை. இந்த உயரத்தில் பலருக்கும் இப்படித்தான், ரத்தத்தில் கரியமில வாயு குறைந்ததும் மூச்சுவிடச் சொல்வதை மூளை நிறுத்திவிடும் என்றார் கைடு. புரிந்தது. தூக்கம்தான் வரவில்லை. அவள் ஸ்லீப்பிங் பேக்கின் கழுத்தோரம், மூச்சு பட்ட இடத்தில் மட்டும் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. டார்ச் அடித்து அடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12, பேஸ் கேம்ப்
5,100. பூட்ஸில் கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க இரும்பு முள்) மாட்டி நடக்கப் பயிற்சி, கயிறு கட்டப் பயிற்சி. குக்கர் இல்லாமல் இங்கே சோறு வேகாது. அக்கா இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். ஆக்சிஜன் 76. வறட்டு இருமல்.

ஆகஸ்ட் 13
காற்று. ஏறவில்லை.

ஆகஸ்ட் 14, இரவு 11
எல்லோரும் கிளம்பி நிற்கிறார்கள். நாங்கள் ஏறும் இரண்டாவது உச்சி (காங் யாட்சே 2) 6,250 மீட்டர், விடிவதற்குள் பாதிக்கு மேல் ஏறிவிட வேண்டும். அக்காவுக்கு உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது. கைடு அவள் முதுகில் காது வைத்துக் கேட்டார். நானும் வைத்தேன். உள்ளே கொரகொரவென்று தண்ணீர் சத்தம்.

"நீ போடா. நான் இங்கேயே படுத்திருக்கேன்."

நுரையீரலில் நீர் கோத்தால் படுக்கக் கூடாது, காத்திருக்கக் கூடாது, உடனே இறங்க வேண்டும். இதை லேயிலேயே சொல்லித் தந்தார்கள். 9ஆம் தேதி இருமல் தூசியால் என்று எழுதியவன் நான்தான்.

ஆகஸ்ட் 15
ராத்திரி முழுக்கக் குதிரையில் இறக்கினோம். ஆக்சிஜன் சிலிண்டரை நான் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தபோது மலைமேல் ஆறு ஹெட்லைட்டுகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

ஹங்கர் கிராமம், சுமார் 4,000 மீட்டர். இப்போது ஆக்சிஜன் 83. சுவரில் சாய்ந்து கண் மூடியிருக்கிறாள். நான்கு, ஐந்து, ஆறு